விடாமுயற்சியும் ரத்தக் கொதிப்பும்: ஜான் ஹென்றியிச ஆய்வுகள் உண்மையில் எதைக் காட்டுகின்றன?

#1 தமனி

'அமெரிக்காவில் கறுப்பினத்தவர் முன்னேறத் துடித்தால் பிபி ஏறுகிறது, வெள்ளையருக்கு ஏறுவதில்லை' என்ற செய்தி ஏதாவது ஒரு வடிவில் அடிக்கடி கண்ணில் படுகிறது. மூல ஆய்வுகளைப் பார்த்தால் சங்கதி இவ்வளவு நேர்க்கோட்டில் இல்லை. தொடங்கி வைக்கிறேன். புள்ளியியல், சிறுநீரகம், சமூகவியல் தெரிந்தவர்கள் வந்து வெட்டலாம், ஒட்டலாம்.

கருதுகோளின் பெயர் ஜான் ஹென்றியிசம். அமெரிக்க நாட்டார் கதையில் வரும் ஜான் ஹென்றி, சம்மட்டியடித்துப் பாறையில் துளையிடும் கறுப்பினத் தொழிலாளி. நீராவித் துளைப்பொறியோடு போட்டியிட்டு ஜெயித்து, சம்மட்டி பிடித்த கையோடு உயிரை விட்டவன். 1870களின் மேற்கு வர்ஜீனியா ரயில் சுரங்க வேலையோடு சேர்த்து இந்தக் கதையைச் சொல்வார்கள்.

நோய்ப்பரவலியல் அறிஞர் ஷெர்மன் ஜேம்ஸ் இந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1978இல் வட கரோலினாவில் அவர் சந்தித்த ஓய்வுபெற்ற விவசாயியின் பெயரே ஜான் ஹென்றி மார்ட்டின். 1907இல் குத்தகை வாரத்துக்கு உழுத குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. தானாகவே எழுதப் படிக்கக் கற்று, 40 வயதுக்குள் 75 ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரரானார். தன் ஐம்பது வயதுகளின் கடைசியில் அவருக்கு ரத்தக் கொதிப்பு, மூட்டுவாதம், வயிற்றுப்புண் மூன்றும் இருந்தன. புண் முற்றியதால் இரைப்பையில் 40 சதவீதத்தை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

இதிலிருந்து ஜேம்ஸ் எடுத்த கருதுகோளைக் கவனமாகப் பாருங்கள். 'முயற்சி பிபியை ஏற்றும்' என்று அவர் சொல்லவில்லை. படிப்பு, வருமானம் குறைந்தவர்களிடம் பிபி கூடுதலாக இருப்பது தெரிந்த விஷயம். அந்த ஏற்றத்தாழ்வு, விடாமல் முட்டி மோதும் குணம் உள்ளவர்களிடம் இன்னும் செங்குத்தாக இருக்கும் என்றுதான் சொன்னார். முயற்சி ஒரு பக்கம், முயற்சிக்குத் தோள் கொடுக்கும் வசதி இன்னொரு பக்கம். இரண்டும் பொருந்தாதபோதுதான் சேதம். இனம் இந்தக் கணக்கில் எந்த வழியாக நுழைகிறது என்பதுதான் இந்த இழைக்கான கேள்வி.

#2 எண்கணக்கன்

முதலில், முயற்சிக் குணத்தை அளக்கும் அளவுகோல். அதைப் பார்க்காமல் முடிவுகளைப் பேசிப் பயனில்லை.

ஜேம்ஸ் குழுவின் 1983 ஆய்வில் எட்டுக் கூற்றுகள். பின்னால் வந்தது பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் 'முழுக்க உண்மை'யில் தொடங்கி 'முழுக்கப் பொய்' வரை ஐந்து பதில்கள், 5 முதல் 1 வரை மதிப்பெண். ஆகக் குறைந்தது 12, கூடியது 60. மனமும் உடலும் தளராத ஊக்கம், கடின உழைப்பில் பற்று, குறி தவறாத உறுதி ஆகிய மூன்றும் கூற்றுகளுக்குள் கலந்து கிடக்கின்றன. இனம், பாகுபாடு, பணம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நினைத்ததை முடிப்பேன், தடை வந்தால் இன்னும் உழைப்பேன் என்ற தினுசுதான்.

கோளாறுகள்:

அ) பன்னிரண்டும் ஒரே திசையில் எழுதப்பட்டவை. எதற்கும் 'ஆமாம்' போடும் பழக்கமுள்ளவர் தானாகவே உயர்ந்த மதிப்பெண் வாங்கிவிடுவார். அப்படித் தலையாட்டும் பழக்கம் படிப்பு குறைந்தவர்களிடம் சற்றுக் கூடுதல் என்பது கருத்தாய்வு செய்பவர்களுக்குத் தெரியும். ஆக, அளவுகோலின் பிழையே படிப்போடு பிணைந்து நிற்கிறது.

ஆ) உழைப்பு தன்னை வாழ்க்கையில் உயர்த்தியது என்ற பொருளில் ஒரு கூற்று உண்டு. உழைப்பின் பலனில் அரிதாகத்தான் ஏமாந்தேன் என்று இன்னொன்று. இவை முயற்சியை மட்டும் அளக்கவில்லை, கிடைத்த பலனையும் அளக்கின்றன. ஆய்வில் எதை எதிரெதிராக நிறுத்துகிறோமோ, அந்த இரண்டையும் ஒரே கேள்விக்குள் போட்டுக் குழைத்த மாதிரி.

இ) பெரும்பாலானோர் மேல் முனையிலேயே குவிகிறார்கள். அந்தக் குவியலை நடு மதிப்பில் இரண்டாக வெட்டி 'உயர்ந்தோர், தாழ்ந்தோர்' என்று பெயர் வைத்தால், 'தாழ்ந்தோர்' என்பவரும் நல்ல முயற்சிக்காரராகவே இருப்பார். நடு மதிப்பு ஊருக்கு ஊர் மாறுவதால், ஓர் ஆய்வின் 'உயர்ந்தோர்' அடுத்த ஆய்வில் 'தாழ்ந்தோர்' பக்கம் விழுவார்கள்.

இப்போது முடிவுகள். 1983: தென் மாநில உழைக்கும் வர்க்கக் கறுப்பின ஆண்கள் 132 பேர், வயது 17 முதல் 60. படிப்பில் நடு மதிப்புக்குக் கீழேயும் முயற்சியில் மேலேயும் இருந்தவர்களுக்கு, இரண்டிலும் மேலே இருந்தவர்களைவிட, டயஸ்டாலிக் (பிபியின் கீழ் எண்) கூடுதல். ஆண்கள் மட்டும், கறுப்பினத்தவர் மட்டும். இதை வைத்து இன வேறுபாடு பேச முடியாது.

இனங்களை ஒப்பிட்டது 1987இல் வெளிவந்த எட்ஜ்கோம் கவுண்டி ஆய்வு. அதுவும் வட கரோலினாவின் கிராமப்புறம். உயர் முயற்சிக் கறுப்பினத்தவரில் வசதி குறைந்தவர்களிடம் ரத்தக் கொதிப்பு, வசதி கூடியவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. வெள்ளையரிடம் இந்த வடிவம் வரவில்லை. ஊடகத்தில் சுற்றும் ஒரு வரிச் செய்தியின் கொள்ளுத்தாத்தா இதுதான்.

1992இல் வந்த பிட் கவுண்டி ஆய்வு இன்னும் பெரியது, 25 முதல் 50 வயதுக் கறுப்பினத்தவர் 1,784 பேர். அதில் எதிர்பார்த்த வடிவம் தெளிவாகக் கிடைக்கவில்லை. இதை மட்டும் யாரும் பகிர்வதில்லை.

#3 சும்மா_கேட்கிறேன்

அறியாமல் கேட்கிறேன், மன்னிக்கவும். இதெல்லாம் எதற்குச் சுற்றி வளைத்து? மரபணு என்று ஒரே வார்த்தையில் முடியாதா? அடிமைக் கப்பலில் உப்பைத் தேக்கும் உடல்வாகு உள்ளவர்கள்தான் பிழைத்தார்கள், அந்தச் சந்ததிக்குத்தான் பிபி என்று எங்கோ படித்தேன்.

#4 நெஃப்ரான்

அந்த உப்புக் கதை பரவிய வேகத்துக்கு அதன் ஆதாரம் ஈடுகொடுக்கவில்லை. கப்பலில் இறந்தவர்கள் முக்கியமாக உப்பு இழப்பால்தான் இறந்தார்கள் என்றும், ஆப்பிரிக்காவில் உப்புப் பஞ்சம் இருந்தது என்றும் அது நம்பிக்கொள்கிறது. அடிமை வணிக வரலாற்றை எழுதிய பிலிப் கர்ட்டின் 1992இலேயே இந்த வரலாற்றுப் பகுதியைப் பிரித்துப்போட்டு மறுத்துவிட்டார்.

மரபணு மட்டுமே என்றால் எண்கள் எப்படி வர வேண்டும் என்று யோசியுங்கள். ரிச்சர்ட் கூப்பர் குழு 1997இல் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரை ஏழு இடங்களில் ஒரே முறையில் அளந்தது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் 16 சதவீதம், கரீபியத் தீவுகளில் 26, சிகாகோவை ஒட்டிய மேவுட்டில் 33. ஒரே பூர்வீகம், நாடு மாற மாற இரட்டிப்பாகிறது. அதே குழுவின் 2005 ஒப்பீட்டில் வெள்ளையர் சமூகங்களில் 27 முதல் 55 வரை, கறுப்பினச் சமூகங்களில் 14 முதல் 44 வரை. உச்சியில் இருந்தது ஜெர்மனி.

அமெரிக்காவுக்குள் இடைவெளி பெரியது என்பதில் சந்தேகமில்லை. 130/80 வரம்பை வைத்து 2017–18 தேசிய ஆய்வு எடுத்தபோது கறுப்பின வயதுவந்தோரில் 57.1 சதவீதம், வெள்ளையரில் 43.6. இதன் காரணத்தைத் தேடித்தான் இந்த இழையே.

இனி உடலுக்குள் என்ன நடக்கிறது. விடாமல் முட்டி மோதும் நிலையில் சிம்பதெடிக் நரம்பு மண்டலம் (ஆபத்து நேரத்தில் உடலை முடுக்கிவிடுவது) தூண்டப்பட்டே இருக்கிறது. பிபி ஏற இரண்டு வழி: இதயம் கூடுதலாக இறைக்கலாம், அல்லது சிறு தமனிகள் இறுகலாம். ஆய்வகத்தில் மன அழுத்தம் கொடுத்தால் சராசரியாகக் கறுப்பின அமெரிக்கரிடம் இரண்டாவது வழி தூக்கலாகத் தெரிகிறது என்று நார்மன் ஆண்டர்சன் உள்ளிட்டவர்கள் காட்டினார்கள். இறுகல் நீடித்தால் தமனிச் சுவர் தடிக்கும். தடித்த சுவர் அடுத்த முறை இன்னும் எளிதாக இறுகும்.

என் துறைப் பக்கம்: பிபி ஏறினால் சிறுநீரகம் சோடியத்தை வெளித்தள்ளி அதை இறக்க வேண்டும். கேத்லீன் லைட் குழு 1983இல் போட்டி வேலை கொடுத்துப் பார்த்தது. பெற்றோருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தவர்கள், தமக்கே எல்லைக்கோட்டில் இருந்தவர்கள் என்ற இளைஞர்களிடம் அழுத்தத்தின்போது சோடியமும் நீரும் வெளியேறாமல் தேங்கின. ஜார்ஜியாவின் அகஸ்டாவில் கிரெகரி ஹார்ஷ்ஃபீல்ட் இதையே கறுப்பின இளையோரிடம் தொடர்ந்து ஆராய்ந்தார். மனத்தூண்டல் முடிந்த பிறகும் பிபி சட்டென இறங்காதவர்களிடம் காரணம் இந்தத் தேக்கம். நாள் முழுக்க அழுத்தம், கூடவே உப்பு மிகுந்த பதப்படுத்திய உணவு என்றால் கணக்கு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

#5 தமனி

நெஃப்ரானோடு ஒரு சின்னப் பிணக்கு. ஆய்வகத்தில் பத்து நிமிடம் கணக்குப் போடச் சொன்னால் ஏறும் பிபி, பத்து வருடம் கழித்து வரும் நோயை ஓரளவுதான் முன்கூட்டிச் சொல்கிறது. எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட எவ்வளவு நேரம் இறங்காமல் நிற்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குறிப்பாக இரவில். தூக்கத்தில் பிபி 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். கறுப்பின அமெரிக்கரிடம் இந்த இறக்கம் குறைவு என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. இரண்டு ஷிஃப்ட் வேலை, சத்தமான குடியிருப்பு, துண்டு துண்டான தூக்கம், பாதுகாப்பில்லாத தெரு எல்லாம் இங்கேதான் வந்து சேர்கின்றன. கிளினிக்கில் பகல் பதினொரு மணிக்கு ஒரு முறை எடுத்த அளவில் இது தெரியவே தெரியாது.

#6 கீழத்தெரு

எண்கணக்கன் சொன்ன எட்ஜ்கோம் ஒப்பீட்டுக்குத் திரும்புகிறேன். 'ஒரே வசதி நிலையில் வெள்ளையருக்கு வரவில்லை, கறுப்பினத்தவருக்கு வந்தது, எனவே இனம்' என்று தாவுகிறார்கள். ஒரே வசதி என்பதே இங்கே பொய்.

அமெரிக்க மத்திய வங்கியான கூட்டாட்சி ரிசர்வின் 2022 கணக்கெடுப்பில் வெள்ளையர் குடும்பத்தின் நடு மதிப்புச் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900. ஒரே பட்டம், ஒரே சம்பளம் வாங்குகிற இரண்டு பேரை எடுத்தாலும் இந்தப் பள்ளத்தின் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. வேலை போனால் ஒருவருக்கு அப்பா வீடு இருக்கிறது. மற்றவருக்கு அப்பாவையும் தாங்க வேண்டியிருக்கிறது. ரெக்ரஷனில் (பல காரணிகளின் பங்கைப் பிரித்துப் பார்க்கும் புள்ளியியல் கணக்கில்) 'படிப்பு ஆண்டுகள்' என்று ஒரு நெடுவரிசையைப் போட்டுவிட்டு வசதியைச் சமப்படுத்திவிட்டோம் என்று எழுதினால், மிச்சமிருக்கும் வசதி வேறுபாடு முழுவதும் 'இனம்' என்ற நெடுவரிசையில் போய் உட்காரும்.

அடுத்தது பாகுபாடு. நான்சி கிரீகரும் ஸ்டீபன் சிட்னியும் 1996இல் வெளியிட்ட கார்டியா ஆய்வில் (இளவயதினரின் இதய நலத்தைப் பின்தொடரும் அமெரிக்க ஆய்வு), அநியாயம் நடந்தால் ஏற்றுக்கொண்டு போய்விடுவேன் என்று சொன்ன உழைக்கும் வர்க்கக் கறுப்பினத்தவருக்கு, எதிர்த்துக் கேட்பேன், பிறரிடம் பேசுவேன் என்றவர்களைவிட பிபி கூடுதல். பாகுபாடே நடக்கவில்லை என்று சொன்னவர்களில் சிலருக்கும் கூடுதலாகவே இருந்தது. ஆக 'எத்தனை முறை பாகுபாடு நடந்தது' என்று எண்ணிக் கூட்டினால் மட்டும் நேர்க்கோடு கிடைக்காது.

மைக்கேல் கிளாக் குழு 1991இல் மூன்று அமெரிக்க நகரங்களின் கறுப்பினத்தவரிடம் தோல் நிறத்தைக் கருவி வைத்து அளந்தது. நிறம் அடர்ந்தால் பிபி கூடியது, ஆனால் வசதி குறைந்தவர்களிடம் மட்டும். நிறத்தோடு வரும் மரபணுதான் காரணம் என்றால் வசதியுள்ளவர்களிடம் மட்டும் அது ஏன் ஒளிந்துகொள்ள வேண்டும்?

#7 எண்கணக்கன்

கிளாக் முடிவு நல்ல ஆதாரம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் முகாமுக்கும் ஒரு தலைவலி இருக்கிறது: வடிவம் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

கேத்லீன் லைட் குழுவின் 1995 ஆய்வில் வேலை நேர பிபி கூடுதலாக இருந்தது உயர் பதவியில் இருந்த முயற்சிக்காரர்களுக்கு. பெண்களிடமும் கறுப்பினத்தவரிடமும் இது தெரிந்தது, வெள்ளை ஆண்களிடம் தெரியவில்லை. அலபாமாவில் வில்லியம் டிரெஸ்லர் குழு 1998இல் பார்த்தபோது, முயற்சி கூடக்கூட ஆண்களின் பிபி ஏறியது, பெண்களின் பிபி இறங்கியது. நைஜீரிய அரசு ஊழியர்களிடம் அதே வருடம் வந்த முடிவும் மேல்நிலை ஊழியர் பக்கம்தான் சாய்ந்தது. மிசிசிப்பியின் ஜாக்சன் இதய ஆய்வில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் இருந்தும் கருதுகோளுக்கு அரைகுறை ஆதரவுதான்.

கீழ்த்தட்டில் ஏறினாலும் கோட்பாடு சரி, மேல்தட்டில் ஏறினாலும் கோட்பாடு சரி என்றால், எந்த முடிவு வந்தால் அது தோற்கும்? அதை யாராவது முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

மாதிரி அளவும் சேர்ந்துகொள்கிறது. ஒரு காரணியின் முதன்மை விளைவுக்குப் போதுமான எண்ணிக்கை, அதே அளவுள்ள இடைவினையை (ஒரு காரணியின் விளைவு இன்னொன்றைப் பொறுத்து மாறுவதை) காட்டப் போதாது. சமமாகப் பிரிந்த இரண்டு குழுக்களில் நான்கு மடங்கு வேண்டும். இடைவினை அதில் பாதி அளவுதான் என்றால் பதினாறு மடங்கு. இங்கே கேட்பதோ மூன்றடுக்கு இடைவினை: முயற்சி, வசதி, இனம். சில நூறு பேரை வைத்து இதைக் கேட்டால், வருகிற 'ஆம்', 'இல்லை' இரண்டுமே பாதிக்குப் பாதி அதிர்ஷ்டம்.

#8 கீழத்தெரு

இடம் மாறுகிறது என்பதையே நான் ஆதாரமாகப் பார்க்கிறேன். முன்கூட்டியே எழுதச் சொன்னீர்கள், இதோ: தனக்குத் தோள் கொடுக்க ஆளில்லாத இடத்தில் முட்டி மோதுபவருக்குத்தான் ஏறும். வட கரோலினாக் கிராமத்தில் அந்த இடம் வயலும் ஆலையும். பெரிய அலுவலகத்தில் அது, மேலாளர் நாற்காலியில் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கும் கறுப்பினத்தவரின் இடம், அல்லது பெண்ணின் இடம். வெள்ளை ஆணுக்கு எந்தப் பதவியிலும் அந்தத் தனிமை இல்லை. உயர் பதவியில் உள்ள பெண்கள், கறுப்பினத்தவர், வெள்ளை ஆண்கள் மூவருக்கும் ஒரே மாதிரி ஏறினால் என் வாதம் தோற்றது.

இந்தத் திசையில் பெரிய மாதிரிகளும் வந்துவிட்டன. ஜீன் பிராடி, கிரெகரி மில்லர், எடித் சென் குழு இதைத் 'தோலளவு மீள்திறன்' என்ற பொருளில் பேசுகிறது. ஜார்ஜியாக் கிராமப்புறங்களில் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளை 11 வயதிலிருந்து பின்தொடர்ந்தார்கள். ஆசிரியர்கள் திறமைசாலி, ஒழுங்கானவன் என்று மதிப்பிட்ட பிள்ளைகளுக்கு 19 வயதில் மனச்சோர்வும் அடாவடியும் குறைவு. ஆனால் அலோஸ்டேடிக் சுமை, அதாவது நீண்ட அழுத்தத்தால் உடலில் சேரும் தேய்மானம், கூடுதல். ஓய்வுநிலை பிபி, உடல் நிறைக் குறியீடு, இரவு முழுக்கச் சேர்த்த சிறுநீரில் கார்டிசால், எபிநெஃப்ரின், நார்எபிநெஃப்ரின் எல்லாம் சேர்ந்த கூட்டு அளவு அது. 2015இல் அதே குழு காட்டியது: 17 முதல் 20 வயதில் தன்னடக்கம் கூடிய ஏழை இளையோருக்கு 22 வயதில் செல்களின் எபிஜெனடிக் வயது (டிஎன்ஏ மேல் படியும் வேதிக்குறிகளை வைத்துக் கணிக்கும் வயது) முந்தி ஓடியது. வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் தன்னடக்கம் இப்படிச் செய்யவில்லை.

இன ஒப்பீடு வேண்டுமானால் 2018இல் லாரன் கேடாஷ் குழு தேசிய மாதிரியில் செய்தது. பின்தங்கிய சூழலிலிருந்து வந்து கல்லூரிப் பட்டம் வாங்கியவர்களில் எல்லா இனத்தவருக்கும் மனச்சோர்வு குறைந்தது. வளர்சிதை மாற்ற நோய்க்குறி மட்டும் வெள்ளையரிடம் இறங்க, கறுப்பினத்தவரிடமும் ஹிஸ்பானியரிடமும் ஏறியது. பிபி அந்த நோய்க்குறியின் ஐந்து கூறுகளில் ஒன்று. மற்றவை இடுப்பளவு, டிரைகிளிசரைடு, நல்ல கொலஸ்ட்ரால், சர்க்கரை.

#9 சும்மா_கேட்கிறேன்

அப்ப படிக்காமலே இருந்தால் பிபி வராதா?

#10 கீழத்தெரு

வரும், வேறு வழியில். கேடாஷ் ஒப்பீடு பின்தங்கிய சூழலிலிருந்து வந்தவர்களுக்குள் மட்டும். படித்தவருக்கு வேலை, காப்பீடு, மன நலம் எல்லாம் மேலேதான். படிப்பு தரும் உடல்நல லாபம் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

#11 மட்டுறுத்துநர்

தனிமடலில் இரண்டு பேர் தங்கள் மாத்திரை பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இழை ஆய்வு பற்றியது.

#12 தமனி

எண்கணக்கனும் கீழத்தெருவும் மோதுவதற்கு நடுவில் ஒன்றை மறக்கிறோம். இந்த விளைவுகளின் அளவு பெரும்பாலும் சில மில்லிமீட்டர் பாதரசம்தான். அளவெடுப்பில் வரும் பிழை அதைவிடப் பெரிதாக இருந்தால் மேலே பேசிய எல்லாம் காற்றோடு போகும்.

கைப்பட்டை: உள்ளே காற்றுப்பை உள்ள நீளம் மேற்கைச் சுற்றளவில் 80 சதவீதமாவது இருக்க வேண்டும், அகலம் 40. 2023இல் பால்டிமோரில் நடந்த சோதனையில், பெரிய பட்டை தேவைப்படுபவருக்கு நடுத்தரப் பட்டையைச் சுற்றினால் சிஸ்டாலிக் (பிபியின் மேல் எண்) 4.8 கூடுதலாகக் காட்டியது. மிகப் பெரியது தேவைப்படுபவருக்கு 19.5. ஒரு குழுவில் உடல் எடை கூடுதல் என்றால், தவறான பட்டை ஒன்றே 'இன வேறுபாடு' ஒன்றைத் தயாரித்துக் கொடுத்துவிடும்.

கையின் நிலை: மேசையில் இதய மட்டத்தில் தாங்கி வைக்க வேண்டும். மடியில் வைத்தால் சிஸ்டாலிக் சுமார் 4, பக்கவாட்டில் தொங்கவிட்டால் ஆறரை கூடும்.

முறை: அரை மணி நேரத்துக்கு முன் காப்பி, சிகரெட் இல்லை. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம். பேச்சு கிடையாது. ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை எடுத்து, முதலாவதை விட்டுவிட்டு மற்ற இரண்டின் சராசரி. வேறொரு நாளில் மறுபடியும்.

முயற்சி அழுத்தத்தைப் பார்க்கும் ஆய்வுக்கு இதுவும் போதாது. 24 மணிநேரக் கருவி வேண்டும்: பகலில் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒன்று, இரவில் 30 நிமிடத்துக்கு ஒன்று. தூங்கிய, விழித்த நேரத்தைக் கடிகாரம் பார்த்து முடிவு செய்யாமல், அவரவர் குறிப்பேட்டிலிருந்தோ அசைவுமானியிலிருந்தோ எடுக்க வேண்டும். இரவு ஷிஃப்ட் ஆள் ஒருவரை 'இரவில் இறங்கவில்லை' என்று எழுதி வைத்த கூத்தெல்லாம் தரவுகளில் உண்டு.

அளப்பவர் யார் என்பதும் பதிவாக வேண்டும். வெள்ளையர் அளக்கும்போதும் கறுப்பினத்தவர் அளக்கும்போதும் எண் மாறலாம். வேண்டுமென்றே சீரற்ற முறையில் ஒதுக்கிவிட்டால் சந்தேகமே வராது.

#13 எண்கணக்கன்

அதோடு பகுப்பாய்வில் நான்கு இடங்களில் வழுக்குகிறார்கள்.

பிபி மாத்திரை சாப்பிடுபவரின் பிபி அளவை அப்படியே எடுத்தால் நோயாளி ஆரோக்கியமானவராகத் தெரிவார். அவரை நீக்கிவிட்டால் அதைவிட மோசம். சிஸ்டாலிக்கில் 10, டயஸ்டாலிக்கில் 5 கூட்டுவது வழக்கமான ஒட்டுவேலை. 15, 10 கூட்டியும் பார்த்து முடிவு மாறுகிறதா என்று எழுதுங்கள்.

உடல் எடை. விடாத உழைப்பு தூக்கத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் குலைத்து எடையை ஏற்றி, எடை பிபியை ஏற்றினால், எடை அந்தப் பாதையின் நடுப்படி. அதை ரெக்ரஷனில் 'சமப்படுத்தினால்' தேடிவந்த விளைவையே துடைத்துவிடுகிறோம். எடையைச் சேர்த்து ஒரு கணக்கு, சேர்க்காமல் ஒரு கணக்கு, இரண்டையும் காட்ட வேண்டும்.

முயற்சி மதிப்பெண்ணை வெட்டாமல் தொடர் எண்ணாகவே வையுங்கள். சராசரியைக் கழித்துவிட்டுப் பெருக்கினால் கெழுக்களை வாசிப்பது எளிது.

கடைசியாக, ரத்தக் கொதிப்பு உண்டா, இல்லையா என்று மட்டும் பார்க்கும் லாஜிஸ்டிக் ரெக்ரஷனில் இடைவினை வந்ததா இல்லையா என்பது வித்தியாசத்தை எந்த அலகில் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. முரண்விகிதத்தில் (odds ratio) இல்லாத இடைவினை, சதவீத வித்தியாசத்தில் இருக்கலாம். பொதுச் சுகாதாரத்துக்கு வேண்டியது சதவீத வித்தியாசம். எனவே முயற்சி கூடியவர், குறைந்தவர், வசதி கூடியவர், குறைந்தவர் என்று சேரும் நான்கு மூலைகளுக்கும் நோய் விகிதத்தை ஒரு சிறு அட்டவணையாகப் போடுங்கள். பழைய ஆய்வுகளில் பாதிச் சண்டை, அந்த அட்டவணை இருந்திருந்தால் வந்தே இருக்காது.

#14 ஆலமரம்

இங்கே முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கிக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளிடம் இந்த அளவுகோலைத் தமிழாக்கிப் பயன்படுத்த முடியுமா? முதுகலை ஆய்வுக்கு ஒரு மாணவி கேட்கிறார்.

#15 கீழத்தெரு

பயன்படுத்தலாம். அமெரிக்க முடிவை இங்கே பொருத்திப் பார்க்க மட்டும் அவசரப்படக் கூடாது. அது அந்த நாட்டின் அடிமை முறையும் இனப் பிரிவினைச் சட்டமும் விட்டுச்சென்ற சொத்துப் பள்ளத்திலிருந்து பிறந்த முடிவு. இங்கே எது வசதி, எது தடை என்பதைப் புதிதாகத்தான் அளக்க வேண்டும்: நிலம், சொந்த வீடு, வட்டிக் கடன், வீட்டில் எத்தனை பேர் இந்தப் பிள்ளையின் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கிறார்கள், விடுதியில் சாதி கேட்கப்பட்டதா.

வேலை முறை: இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கம், மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் திருப்பி மொழிபெயர்ப்பு. பிறகு பத்துப் பதினைந்து மாணவர்களிடம் 'இந்த வரியைப் படித்ததும் என்ன நினைத்தீர்கள்' என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஆசிரியர் எதிரில் உட்கார்ந்து கேட்டால் எல்லாவற்றுக்கும் 'ஆமாங்க சார்' வரும். எனவே தாளிலோ கைபேசியிலோ தாங்களே நிரப்பட்டும். எதிர்த்திசையில் எழுதிய நான்கைந்து வரிகளை இடையில் கலந்துவிட்டு, அவற்றைத் தனியாகக் கணக்கிடுங்கள். மூல மதிப்பெண்ணில் சேர்க்காதீர்கள், சேர்த்தால் மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது.

#16 எண்கணக்கன்

அத்தோடு, 20 வயதில் பிபி வித்தியாசம் மிகச் சிறிது. முதுகலை ஆய்வின் மாதிரி அளவில் அது சிக்காது. இரவு இறக்கத்தையும் ஓய்வுநிலை நாடியையும் எடுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் பத்து வருடம் கழித்து அதே ஆட்களைக் கண்டுபிடிக்கிற மாதிரி ஒப்புதலையும் முகவரியையும் இப்போதே வாங்கி வைக்கட்டும்.

#17 நெஃப்ரான்

சரி, கண்டுபிடித்து என்ன செய்வது? முயற்சி செய்யாதே என்று யாருக்கும் மருந்துச் சீட்டு எழுத முடியாது. தியானம், மூச்சுப்பயிற்சி எல்லாம் சில மில்லிமீட்டர் இறக்கலாம். சிஸ்டாலிக்கில் 5 குறைத்தாலே பெரிய இதய, மூளை நிகழ்வுகள் பத்தில் ஒரு பங்கு குறையும் என்பதால் அதையும் அலட்சியப்படுத்த வேண்டாம். ஆனால் உண்மையாகப் பெரிய இறக்கம் காட்டியது வேறொன்று.

ரொனால்ட் விக்டர் குழு, லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் கறுப்பினத்தவரின் 52 முடிதிருத்தும் கடைகளில், சிஸ்டாலிக் 140ஐத் தாண்டிய 319 ஆண்களை எடுத்தது. ஒரு பாதிக் கடைகளில் முடிதிருத்துபவர் 'டாக்டரைப் பாருங்கள், உணவைக் கவனியுங்கள்' என்று சொன்னார். மறுபாதியில் மருந்தாளுநரே கடைக்கு வந்து அளந்து, மருத்துவர்களோடு செய்த ஒப்பந்தப்படி மாத்திரை எழுதினார். முதலில் அம்லோடிபினும் ஏசிஇ தடுப்பானோ ஏஆர்பியோ, போதாவிட்டால் மூன்றாவதாக இண்டபமைடு, எல்லாமே பிபி மருந்துகள். ஆறு மாதத்தில் மருந்தாளுநர் பக்கம் சிஸ்டாலிக் 27 இறங்கியது, மறுபக்கம் 9.3. 130/80க்குக் கீழே வந்தவர்கள் 63.6 சதவீதத்துக்கு எதிராக 11.7. ஒரு வருடம் கழித்தும் 28.6க்கு 7.2 என்று நின்றது. 2018இல் வெளியானது.

ஏன் வேலை செய்தது? பாதி நாள் கூலியை விட்டு மருத்துவமனையில் காத்திருக்க வேண்டியதில்லை. தெரிந்த ஆள், தெரிந்த நாற்காலி. மாத்திரையும் தயங்கித் தயங்கி ஏற்றாமல், அளவு இறங்கும்வரை விடாமல் ஏற்றினார்கள்.

#18 கீழத்தெரு

தோள் கொடுக்கும் வசதி என்று நான் சொல்வதன் ஒரு சிறு வடிவம் அது. முயற்சிக்காரரின் குணத்தில் யாரும் கை வைக்கவில்லை. வசதியைத்தான் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி வரை கொண்டுவந்தார்கள்.

#19 எண்கணக்கன்

அழகான வாக்கியம், ஆனால் அந்தச் சோதனையில் முயற்சி மதிப்பெண்ணை வைத்து முடிவுகளைப் பிரிக்கவில்லை. இரண்டு பக்கத்திலும் அதே ஊர், அதே மாதிரிக் கடை, அதே மாதிரி முடிதிருத்துபவர். வித்தியாசம் மருந்தாளுநரும் மாத்திரையும். எனவே ஜான் ஹென்றியிசத்துக்கு இது சாதகமும் இல்லை, பாதகமும் இல்லை.

சோதிக்க வேண்டுமானால் வழி இருக்கிறது. இதே மாதிரி அடுத்த சோதனையில் முதல் நாளே பன்னிரண்டு கேள்விகளையும், சம்பளத்தோடு சொத்தையும் கடனையும் எழுதி வாங்க வேண்டும். கீழத்தெருவின் வாதம் சரியென்றால், சொத்து குறைந்த உயர் முயற்சிக்காரர்களிடம்தான் இறக்கம் மிகப் பெரிதாக வர வேண்டும். நான்கு மூலையிலும் ஒரே அளவு இறங்கினால், வேலை செய்தது அம்லோடிபின். 319 பேர் இதற்குப் போதாது. ஆயிரத்துக்கு மேல் வேண்டும், பெண்களும் வேண்டும்.